உயிர் போன பிறகு உடல் யார் பொறுப்பு?

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பிணவறை வாசலில் விடிவதற்கு முன்னால் நின்றிருக்கிறேன். என் அம்மாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா, முந்தின இரவு வார்டில் இறந்துபோனார். ஊர் கடலூர்ப் பக்கம். எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடும் என்று எல்லோருக்கும் போனில் சொல்லியாகிவிட்டது. பிணவறைப் பணியாளர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து பதிவேட்டை நீட்டினார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் நோட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முகத்தைப் பாருங்க சார். பாத்துட்டு அப்பறம் போடுங்க.”

துணியை விலக்கினார். மாமாதான். அதோடு விடவில்லை. கால்மாட்டுக்குப் போய், கட்டைவிரலில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பி, பெயரையும் உள்நோயாளி எண்ணான ஐ.பி. நம்பரையும் வாய்விட்டுப் படித்தார். என் கையிலிருந்த சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே நோட்டு என் பக்கம் வந்தது.

மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்கும். இறந்தவர் உடல் சம்பந்தமாக நம் சட்டம் என்னவெல்லாம் கேட்கிறது என்று பின்னாளில் தேடிப் படித்தபோது, அதில் பாதிக்கு மேல் அந்த அரை நிமிடத்துக்குள் அடங்கியிருந்தது புரிந்தது.

இந்தியாவில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவர் என்ற தொழிலுக்கென்று தனி மத்தியச் சட்டம் கிடையாது. தகுதித் தேர்வு கிடையாது, அதற்கென்று உரிமமும் கிடையாது. கடலூரில் ஒரு சாவு விழுந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் பந்தல் கடையிலிருந்து வருகிறது, வண்டி ஆம்புலன்ஸ் டிரைவரிடமிருந்து வருகிறது. பூ, பாடை, மேளம், குழி வெட்டுவது எல்லாம் வேறு வேறு ஆள். இவர்கள் யாரையும் ‘இவர் இன்னின்ன கடமை உள்ளவர்’ என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த சட்டம் இல்லை. அதனால் கேட்பாரற்ற வேலை என்று அர்த்தமில்லை. பத்துப் பன்னிரண்டு சட்டங்களில் துண்டு துண்டாகக் கடமைகள் கிடக்கின்றன. உடல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்த இடங்கள் எவை என்று வீட்டார் தெரிந்து வைத்திருப்பது நல்லது. துக்கத்தில் இருப்பவரிடம்தான் ‘இங்கே ஒரு கையெழுத்து போடுங்க’ என்பதும், ‘இவ்வளவு கொடுத்தாதான் பாடி’ என்பதும் சுலபமாக எடுபடுகின்றன.

உடல் யாருக்குச் சொந்தம்

யாருக்கும் சொந்தமில்லை என்பதே சட்டத்தின் பழைய பதில். 1882-ல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், இறந்த உடலில் எவருக்கும் சொத்துரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்த வழித்தடத்தில்தான் நம் சட்டமும் வந்திருக்கிறது. மனைவிக்கோ மகனுக்கோ இருப்பது, உடலைப் பெற்றுக்கொண்டு அடக்கமோ தகனமோ செய்யும் உரிமை. அந்த உரிமைக்குள்ளேயே ஒரு கடமையும் இருக்கிறது.

இதிலிருந்து நேராக ஒரு முடிவு வருகிறது. சொத்தாக இல்லாத ஒன்றை அடமானமாகப் பிடித்து வைக்க முடியாது. பில் பாக்கிக்காக உடலைத் தர மறுக்கும் மருத்துவமனை, கடனுக்கு ஈடாக ஒரு மனிதரை வைத்திருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், இறந்தவரின் உடலைப் பெறும் உரிமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பணப் பிரச்சினையைக் காரணம் காட்டி அதைத் தடுக்கக் கூடாது என்கிறது சாசனம். பாக்கித் தொகை சாதாரணக் கடன். அதை வசூலிக்க சிவில் நீதிமன்றம் இருக்கிறது. இப்படி ஒரு நிலை வந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். “பில் பாக்கியால் உடல் தரப்படவில்லை” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க நிர்வாகம் பெரும்பாலும் தயங்கும்.

அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காப்பது. மனிதக் கண்ணியம் என்ற பொருளும் அதற்குள் உண்டு, அந்தக் கண்ணியம் செத்த பிறகும் உடலுக்கு உண்டு என்று பர்மானந்த் கடாரா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடற்றவர் தெருவில் இறந்தாலும் அவரவர் மத வழக்கப்படி கௌரவமான இறுதிச் சடங்கு கிடைக்க வேண்டும் என்பது 2002-ல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் பதிவானது. கொரோனா இரண்டாம் அலையில் கங்கையில் உடல்கள் மிதந்த பிறகு, 2021 மே மாதம் இறந்தோரின் உரிமைகள் குறித்துத் தேசிய மனித உரிமை ஆணையம் தனி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. இவை எல்லாம் கொள்கைகள். பிணவறை வாசலில் நிற்பவருக்கு உதவும் வகையில் இவற்றை விதிகளாக மாற்றிய ஒரு முழுச் சட்டத்துக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

பிணவறையின் கடமை

வார்டிலிருந்து உடல் இறங்கிய நொடியிலிருந்து மருத்துவமனை அதன் காவலர். அடையாள அட்டை, பதிவேடு, சுமார் நாலு டிகிரி குளிர், அந்நியர் கண்ணில் படாத மறைப்பு, உடலோடு இருந்த நகை, உடை, பணம் இவற்றின் பட்டியல், கடைசியில் சரியான ஆளிடம் ஒப்படைப்பு. கேட்டால் எளிதாகத்தான் தெரியும். தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியில் நடந்தது ஒன்று போதும். ஒரு தனியார் மருத்துவமனை பிணவறையில் இரண்டு உடல்கள் மாறிப்போயின. ஒரு குடும்பம் இன்னொருவரின் தந்தையைத் தங்களவர் என்று எண்ணித் தகனம் செய்துவிட்டது. உண்மையான பிள்ளைகள் வந்தபோது கொடுக்க உடலே இல்லை. வழக்கு நுகர்வோர் ஆணையங்களைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போய், 25 லட்சம் ரூபாய் இழப்பீடு உறுதியானது. பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவையில் பிணவறையும் சேர்த்தி என்பது இதனால் தெளிவாகிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே தவறு நடந்தால் வழி உயர் நீதிமன்ற ரிட் மனு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே உயர் நீதிமன்றம் சென்னையில்தான்.

நகை விஷயம் பலர் வாய்விட்டுச் சொல்லாத வேதனை. மூக்குத்தியைக் காணோம், தாலிக்கொடியைக் காணோம் என்று காரியம் முடிந்த பிறகு வீட்டுக்குள்ளேயே முணுமுணுப்பார்கள். இறந்தவரிடம் இருந்த பொருளைக் கையாடுவதற்கென்றே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 315-ஆம் பிரிவு இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. இறந்தவரிடம் வேலையில் இருந்தவரே எடுத்திருந்தால் ஏழாண்டு வரை. வார்டிலேயே நகையைக் கழற்றி வாங்கி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவது மேல். கழற்ற முடியாத மோதிரமாக இருந்தால் அதையும் பதிவேட்டில் குறிக்கச் சொல்லலாம்.

உடலையே அவமதித்தால்? அதே சட்டத்தின் 301-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 297. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிறர் மனத்தையோ மதத்தையோ புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்றோ, புண்படும் என்று தெரிந்தே செய்தார் என்றோ நிரூபிக்க வேண்டும். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உயிரற்ற உடல் மீதான பாலியல் வன்முறை நம் சட்டத்தில் தனிக் குற்றமாக இல்லை. 2023 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இதையே சொல்லி, வல்லுறவுப் பிரிவின் கீழ் தண்டிக்க முடியாமல் போனதைப் பதிவு செய்தது. சட்டத்தைத் திருத்துமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அரசு, தனியார் பிணவறைகளில் கண்காணிப்பு கேமரா பொருத்தவும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வந்த புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் 2003-லேயே இதைக் குற்றமாக்கிவிட்டார்கள். புதிதாக ஒரு சட்டமே எழுதும் வாய்ப்பு கையில் இருந்தும் இதை விட்டுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

போலீஸ் வந்தால்

தற்கொலை, விபத்து, கொலை, பாம்புக்கடி, சந்தேக மரணம் என்றால் உடல் முதலில் சட்டத்தின் கைக்குப் போகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி போலீஸ் பிரேத விசாரணை செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும். நம் ஊரில் பஞ்சாயத்தார் என்பது இவர்களைத்தான். அறிக்கையில் போடும் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் இல்லை. காயங்கள் எங்கெங்கே இருந்தன என்பதற்கு நீங்கள் சாட்சி ஆகிறீர்கள். படிக்காமல் போட வேண்டாம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் விசாரணை. காவலில் மரணம் என்றால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். விபத்து நடந்தது கடலூர் மாவட்டத்தில், உயிர் போனது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில். எல்லை நடுவில் இருக்கிறது. வழக்கு கடலூர் மாவட்டக் காவல் நிலையத்தில் என்றால், அங்கிருந்து ஆள் கிளம்பி வந்து, விசாரணை முடித்து, பிரேதப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசோதனை தாமதம் என்று மருத்துவமனை மேல் கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் அங்கே டாக்டர் தயாராக இருக்கிறார். வரவேண்டிய காகிதம் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டவில்லை. இறப்பு தெரிந்த உடனே உறவினரில் ஒருவர் ஜிப்மரில் இருக்க, இன்னொருவர் சம்பந்தப்பட்ட நிலையத்துக்கே நேரில் போய்விட்டால் அரை நாள் மிச்சமாகும்.

‘ஆறு மணிக்கு மேல் போஸ்ட்மார்ட்டம் கிடையாது’ என்ற பழைய வழக்கம் 2021 நவம்பரில் தளர்ந்தது. போதிய வெளிச்சமும் வசதியும் இருக்கும் மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. கொலை, தற்கொலை, வல்லுறவு, அழுகிய உடல், சந்தேகத்துக்குரிய மரணம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய அவற்றை இரவில் செய்யக் கூடாது.

முடிவில் நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை நம் கடலூர் மாவட்டம் 2022-ல் மிகுந்த வலியோடு கற்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் ஜூலை 13 அன்று இறந்த மாணவி, கடலூர் மாவட்டத்துப் பெண். பெற்றோர் உடலை வாங்க மறுத்து மறு பரிசோதனை கேட்டார்கள். உயர் நீதிமன்றம் மறு பரிசோதனைக்கு உத்தரவிட்டது. தங்கள் தரப்பு மருத்துவரையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. இரண்டு அறிக்கைகளையும் ஆராய்வது ஜிப்மர் நிபுணர்களிடம் போனது. ஜூலை 23 அன்று பெற்றோர் உடலைப் பெற்றுக்கொண்டார்கள். இந்த வழக்கின் மற்ற விவகாரங்களை விடுங்கள். நடைமுறையில் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. மறு பரிசோதனை கேட்கும் உரிமை உண்டு, அதைக் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம், உடல் எரிவதற்கு முன்னால் கேட்க வேண்டும். ராஜஸ்தான் 2023-ல், உடலை வாங்க மறுத்துப் போராடுவதையே தண்டிக்கும் சட்டம் நிறைவேற்றியது. நீதி கேட்கக் கையில் வேறு எதுவும் இல்லாத ஏழைக்கு அந்த மறுப்புதான் கடைசி ஆயுதமாக இருக்கிறது. அதைக் குற்றமாக்குவது தமிழ்நாட்டுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து.

சான்றிதழ் எந்த ஊரில்

இது அடிக்கடி நடக்கும் அலைச்சல். மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. வீடு மஞ்சக்குப்பத்தில் இருக்கலாம், எரித்தது கெடிலக்கரையில் இருக்கலாம்; உயிர் பிரிந்தது ஜிப்மரில் என்றால் பதிவு உழவர்கரை நகராட்சியில். கடலூர் மாநகராட்சியில் போய் நின்றால் திருப்பித்தான் அனுப்புவார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வீட்டிலேயே இறந்தால் வி.ஏ.ஓ. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டால்? வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும், தர வேண்டியவர் வண்டியின் பொறுப்பில் இருப்பவர் என்கின்றன விதிகள். இது எத்தனை டிரைவருக்குத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வீட்டில் மரணம் என்றால் குடும்பத் தலைவர், மருத்துவமனையில் என்றால் அதன் பொறுப்பு மருத்துவர். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு, ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்து அனுமதியோடு, அதற்கு மேல் போனால் நடுவரின் உத்தரவோடு. கடைசி நோயில் பார்த்த மருத்துவர் மரணக் காரணச் சான்றைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் அதன் நகல் நெருங்கிய உறவினருக்கும் உண்டு. மயானப் பொறுப்பாளருக்கும் இந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் கடமை இருக்கிறது: தன் இடத்துக்கு வந்த மரணத்தைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது. மயானத்தில் நோட்டில் பெயர் எழுதுகிறார்களே, அது சும்மா எழுதுவதில்லை.

புதுச்சேரியில் இன்னொரு அடுக்கு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் மரணம் நேர்ந்தால், நகராட்சிப் பதிவோடு வேலை முடியாது. அங்குள்ள பிரெஞ்சு துணைத் தூதரகத்திலும் பதிவு செய்தால்தான் பிரெஞ்சு ஆவணங்களில் ஏறும். மனைவிக்கு வரவேண்டிய பிரெஞ்சு பென்ஷன் அந்தப் பதிவைத்தான் கேட்கும். இரண்டு பதிவிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினால் விதவைப் பெண் மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவருவது நம் கடலோரக் கிராமங்கள் நன்கு அறிந்த துயரம். இறப்புச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, பெட்டி மூடியதற்கான சான்று, இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட். இவற்றை விமான நிலையச் சுகாதார அதிகாரி சரிபார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இதற்கென மத்திய அரசு ‘இ-கேர்’ இணையதளத்தைத் தொடங்கிய பின் ஆவணங்களை முன்கூட்டியே ஏற்றிவிட முடிகிறது.

பெட்டியும் வண்டியும்

2020 அக்டோபரில் சேலத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 74 வயது முதியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று வீட்டார் சொல்லி ஃப்ரீசர் பாக்ஸ் வரவழைத்தார்கள். மறுநாள் பெட்டியை எடுக்க வந்த ஆட்கள் பார்க்கும்போது உள்ளே உயிர் இருந்தது. மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்துபோனார். பெட்டி வைக்கும் முன் டாக்டர் சீட்டு எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்த இரவு அவருக்கு நேர்ந்திருக்காது. வாடகைக்குப் பெட்டி தருபவர் மரணச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் விதி இல்லை. ஆனால் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு இருக்கிறது. ஐந்தாண்டு வரை சிறை. மின்கசிவுள்ள பெட்டியைத் தொட்டு அழுதுகொண்டிருந்தவர் ஷாக் அடித்து இறந்தாலும் அதே பிரிவுதான். எர்த் இருக்கும் மூன்று முனை பிளக்கில் செருகியிருக்கிறதா என்று பார்ப்பது, மாலை வாங்கப் போவதை விட முந்தின வேலை.

கட்டணம் பற்றி ஒரு தகவல் பலருக்கு உதவும். இறுதிச் சடங்கு, அடக்கம், தகன மேடை, பிணவறை, உடலைக் கொண்டுசெல்வது ஆகிய சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே இவற்றை வரிக்கு வெளியே வைத்துவிட்டது. பில்லில் வரி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377 எண்ணை அழைத்தால் அமரர் ஊர்தி இலவசமாக வீடு வரை வரும். 108 உயிரோடு இருப்பவருக்கானது, உடலை ஏற்றாது. அன்று விடியற்காலை எங்களுக்கு வந்த தனியார் வண்டிக்காரர், பேசிய தொகைக்கு மேல் ‘பார்டர் தாண்டும் காசு’ என்று தனியாகக் கேட்டார். வண்டிக்குள் மாமா இருக்கிறார். யார் பேரம் பேசுவது? கொடுத்தோம். அமெரிக்காவில் 1984 முதல் ஒரு விதி இருக்கிறது: நேரில் வந்து விசாரிக்கும் எவருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப் பட்டியலை அச்சில் கையில் கொடுத்தாக வேண்டும்; வெளியில் வாங்கிய பெட்டியை ஏற்க மறுக்கக் கூடாது. இத்தனைக்கும் அங்கே பெரிய பெரிய நிறுவனங்கள். மாநகராட்சி நினைத்தால், மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு கிலோமீட்டர் கணக்கில் விலைப் பலகை வைக்கச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மயானத்தில்

எங்கே வேண்டுமானாலும் புதைக்க முடியாது. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் அடக்கம் கூடாது என்கின்றன. சொந்த நிலம்தானே என்பது பதில் ஆகாது. இது தெரியாமல் தோட்டத்தில் புதைத்து, பிறகு நீதிமன்ற உத்தரவால் தோண்டி எடுத்த குடும்பங்கள் உண்டு.

ஆனால் இந்த மண்ணில் மயானத்தின் பெரிய பிரச்சினை மீட்டர் கணக்கில் இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே ஒரு தலித் குடும்பம் சுடுகாட்டுக்குப் போகும் பாதை மறிக்கப்பட்டதால் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கியது. அந்தப் படம் வெளிவந்த பிறகு உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மயானத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிணம் சுமக்கவோ, குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவது குற்றம். ‘ஊர் வழக்கம்’, ‘அவங்க பரம்பரையா செய்யறது’, ‘நாங்க நெல்லு குடுக்கறோமே’ என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அந்த வரி பதில் சொல்கிறது. விரும்பிக் கூலி பேசி வந்தால் அது வேலை. ‘செத்துப்போயிருக்கு, வா’ என்று தெருவுக்கு ஆள் அனுப்பி, வராவிட்டால் ஊரை விட்டு ஒதுக்குவேன் என்றால் அது சிறைக்குப் போகும் குற்றம். இறந்தவரின் கண்ணியம் பற்றிப் பேசிவிட்டு, குழிக்குள் நிற்பவரின் கண்ணியத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அதைத் தொடர்ந்து, அறிவிக்கை செய்யப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பயம்தான் அந்தக் கல்லை எடுக்க வைத்தது. அந்தப் பயம் நமக்குப் பழையது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் அலை ஏறி இறங்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பிணத்தால் நோய் பரவும், சீக்கிரம் புதையுங்கள் என்ற பதற்றத்தில், தமிழ்நாட்டுக் கடற்கரையில் எத்தனையோ உடல்கள் பெயர் தெரியாமலே மண்ணுக்குள் போயின. இயற்கைப் பேரழிவில் அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரமும் அதுதான்: ஒவ்வொரு உடலுக்கும் ஒரு தனி எண், ஒரு படம், அடையாளக் குறிப்பு, அதன் பிறகுதான் மண். தேடி வரும் தாய் பத்து நாள் கழித்து வந்தாலும் ஒரு படமாவது இருக்க வேண்டும் அல்லவா.

எண்ணைக் கட்டுவது, படம் எடுப்பது, குழி வெட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது யார்? பிணவறையில் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதையும் பாதுகாப்புக் கவசம் தருவதையும் மருத்துவமனையின் கடமையாக்கியிருக்கின்றன. பிணவறையில் அந்தக் கழிவு இல்லாத நாள் உண்டா? ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்பதால் அந்தக் கடமை மருத்துவமனையை விட்டுப் போய்விடாது. கடலூரிலோ புதுச்சேரியிலோ யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: பிணவறையில் வேலை செய்யும் எத்தனை பேருக்கு மூன்று தவணை ஊசியும் போட்டிருக்கிறது?

அன்று எங்கள் மாமாவை ஒப்படைத்தவருக்கு இடது கையில் மட்டும்தான் உறை இருந்தது. நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும், வெறும் வலது கையால் பேனாவை வாங்கி, மாமாவின் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதினார். 5.20.